இரண்டு கமிட்டுகளுக்கு நடுவே என்ன மாறியது? விஎஸ் கோடில் கிட் கிராஃப் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

போன வாரம் ஒழுங்காக ஓடிய புரோகிராம் இன்று தப்பான விடை தருகிறது. நடுவில் பத்து இருபது கமிட்டுகள் போயிருக்கின்றன. (கிட் என்பது புரோகிராமின் மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் மென்பொருள். அதில் நாம் பதியும் ஒவ்வொரு நிலையும் ஒரு கமிட்.) புதிதாக எழுதப் பழகுபவர்கள் பெரும்பாலும் புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்துப் பிழையைத் தேடத் தொடங்குகிறார்கள். அவ்வளவு பாடு வேண்டியதில்லை. நன்றாக ஓடிய நிலையையும் இப்போதைய நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாறாத வரிகளெல்லாம் கணக்கிலிருந்து விலகிவிடும். மாறிய சில வரிகளை மட்டும் படித்தால் போதும். கிட் கற்றுக்கொள்பவர்கள் கமிட் போடுவதோடு நிறுத்திவிடாமல் இதையும் முதல் வாரத்திலேயே பழகிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிறுவுதல்

விஎஸ் கோட் என்பது புரோகிராம் எழுதும் எடிட்டர். அதில் கிட்டுக்கான திரைகள் இருக்கின்றன, ஆனால் கிட் மென்பொருள் அதனுடன் சேர்ந்து வராது. அதைத் தனியாக இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு விஎஸ் கோடில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எக்ஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி) பட்டியல் வரும். 'கிட் கிராஃப்' என்று தேடி நிறுவுங்கள். கமிட்டுகளை வரைபடமாகக் காட்டும் எக்ஸ்டென்ஷன் அது. உங்கள் புராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்ததும் கீழ்ப்பட்டையில் கிட் கிராஃப் என்ற பட்டன் தெரியும். தெரியவில்லை என்றால், நீங்கள் திறந்தது கிட் ரெப்போவாக (கிட் வரலாறு பதியும் ஃபோல்டராக) இருக்கும் ஃபோல்டர்தானா என்று பாருங்கள். வெளியே இருக்கும் பெரிய ஃபோல்டரைத் திறந்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.

எந்த இரண்டை ஒப்பிடுவது?

பட்டனை அழுத்தியதும் எல்லாக் கமிட்டுகளும் மேலிருந்து கீழாக, புதியது முதலில் என்ற வரிசையில் வரும். இடது ஓரத்தில் வண்ணக் கோடுகள் பிரிந்தும் சேர்ந்தும் ஓடும். அவைதான் பிராஞ்சுகள், அதாவது தனித்தனியாக ஓடும் வேலைக் கிளைகள்.

மௌஸைத் தொடுவதற்கு முன் உங்கள் கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 'இப்போது நான் மாற்றி வைத்திருப்பது என்ன?' என்பது ஒரு கேள்வி. 'கடைசியாகச் சரியாக ஓடியதிலிருந்து என்ன மாறியது?' என்பது வேறு கேள்வி. 'இந்த பிராஞ்ச் புதிதாக என்ன கொண்டுவருகிறது?' என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்க வேண்டிய ஜோடி வேறு. ஜோடி தப்பாகப் போனால் திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வரும். அதில் உங்களுக்குத் தேவையானது எது என்று பிடிபடாது.

இரண்டும் அடுத்தடுத்த கமிட்டுகளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கிட் ஒவ்வொரு கமிட்டிலும் புராஜெக்ட்டின் முழு நிலையையும் பதிந்து வைக்கிறது. வேறுபாட்டை நீங்கள் கேட்கும்போதுதான் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆறு மாத இடைவெளி இருந்தாலும் ஒப்பிடலாம்.

ஒப்பிடுதல்

பழைய கமிட்டின் வரியைக் கிளிக் செய்யுங்கள். அதன் விவரம் விரியும். இப்போது கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கமிட்டைக் கிளிக் செய்யுங்கள். மேக் என்றால் கமாண்ட் விசை. விவரப் பகுதி ஒப்பீட்டுப் பட்டியலாக மாறிவிடும். இரண்டுக்கும் நடுவே மாறிய ஃபைல்கள் எல்லாம் ஃபோல்டர் வாரியாக நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை வரி கூடியது, எத்தனை வரி குறைந்தது என்ற எண்ணிக்கை இருக்கும்.

இன்னும் கமிட் செய்யாத மாற்றங்கள் இருந்தால் அவற்றுக்கும் பட்டியலின் உச்சியில் ஒரு வரி உண்டு. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு அதைக் கிளிக் செய்தால், பழைய கமிட்டை இந்த நிமிடத்து நிலையோடு ஒப்பிடலாம்.

முதலில் எந்த ஃபைலையும் திறக்காதீர்கள். பட்டியலை மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பாருங்கள். தேதி காட்டும் விதத்தை மட்டும் மாற்றியதாக நினைத்திருப்பீர்கள், ஆனால் டேட்டாபேஸ் செட்டிங் ஃபைலும் பட்டியலில் நிற்கும். பாதிப் பிழைகள் இந்த இடத்திலேயே தட்டுப்பட்டுவிடும்.

அப்புறம் ஃபைல் பெயரைக் கிளிக் செய்யுங்கள். இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. சிவப்பு நீங்கிய வரி, பச்சை சேர்ந்த வரி. ஒரு வரிக்குள் ஓரிரு எழுத்து மட்டும் மாறியிருந்தால் அந்த இடம் மட்டும் அடர் நிறத்தில் இருக்கும். மேலே உள்ள அம்புக்குறிகளால் ஒரு மாற்றத்திலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். பார்ப்பதால் எந்த ஃபைலும் மாறாது, பயமில்லாமல் திறந்து பாருங்கள். ஆனால் வலது கிளிக் மெனுவில் செக்அவுட், ரீசெட் என்று வருபவை வேறு வகை. அவை உங்கள் ஃபோல்டரில் இருப்பதையே மாற்றிவிடக்கூடும். ஒப்பிடுவதற்கு அவை தேவையே இல்லை.

மாறியிருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை

இந்த ஒரு விஷயத்தை நிதானமாகப் படியுங்கள், குறிப்பாகப் பைத்தானில் எழுதுபவர்கள்.

மதிப்பெண்களைக் கூட்டி மொத்தத்தைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் என்று வைத்துக்கொள்வோம். ரிட்டர்ன் வரி லூப்புக்கு வெளியே இருக்க வேண்டும். எடிட் செய்யும்போது கை தவறி டேப் விசை தட்டுப்பட்டு, அந்த வரி லூப்புக்குள் போய்விட்டது. இனி முதல் மதிப்பெண்ணைக் கூட்டியதுமே ஃபங்ஷன் முடிந்துவிடும். எரர் எதுவும் வராது, விடை மட்டும் தப்பாக வரும்.

கிட் கிராஃப் பட்டியலில் அந்த ஃபைலுக்கு ஒரு வரி கூடியது, ஒரு வரி குறைந்தது என்று இருக்கும். திறந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. காரணம், வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வெற்றிடம் மட்டும் மாறியிருந்தால், விஎஸ் கோடின் டிஃப் திரை (வேறுபாட்டைக் காட்டும் திரை) அதைப் பொருட்படுத்தாது. இயல்பாகவே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பைத்தானிலோ அந்த வெற்றிடம்தான் நிரலின் அர்த்தத்தையே தீர்மானிக்கிறது. டிஃப் திரையின் வலது மேல் மூலையில் பத்திக் குறி (¶) போட்ட பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். அங்கே காணோம் என்றால் செட்டிங்ஸில் 'இக்னோர் ட்ரிம் வொயிட்ஸ்பேஸ்' என்று தேடி, டிஃப் எடிட்டருக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். ஒளிந்திருந்த வரி உடனே நிறம் பெறும். பைத்தான் எழுதுபவர்கள் இதை நிரந்தரமாகவே எடுத்துவிடுவது நல்லது.

எண்ணிக்கையில் ஒரு ஃபைலின் எல்லா வரிகளும் மாறியதாக வந்து, திறந்தால் வேறுபாடே தெரியவில்லை என்றால், வரி முடிவுக் குறியைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் வரியை இரண்டு குறிகளால் முடிக்கும், லினக்ஸ் ஒன்றால் முடிக்கும். எடிட்டரின் கீழ்ப்பட்டையில் 'சிஆர்எல்எஃப்' அல்லது 'எல்எஃப்' என்று எழுதியிருப்பது அதைத்தான். குழுவில் எல்லோரும் ஒரே வகையை வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இருக்காது.

பிராஞ்சை ஒப்பிடும்போது

மெயின் (முதன்மை) பிராஞ்சின் நுனியையும், அதாவது கடைசிக் கமிட்டையும், உங்கள் பிராஞ்சின் நுனியையும் நேராக ஒப்பிட்டால், உங்கள் மாற்றங்களோடு நீங்கள் பிரிந்துபோன பிறகு மெயினில் மற்றவர்கள் செய்தவையும் கலந்து வரும். அவர்கள் புதிதாகச் சேர்த்த வரிகள், நீங்கள் நீக்கியதைப் போலச் சிவப்பில் தெரியக்கூடும். பார்த்ததும் பதறிப்போவீர்கள். வண்ணக் கோடுகளில் உங்கள் பிராஞ்ச் எந்தக் கமிட்டிலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். அந்தக் கமிட்டையும் உங்கள் நுனியையும் ஒப்பிடுங்கள். மெயினை நடுவில் உங்கள் பிராஞ்சில் இணைத்திருந்தால், கடைசியாக இணைத்த மெயின் கமிட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்போது வருவது உங்கள் வேலை மட்டும்.

ஒரே ஒரு ஃபைலின் வரலாறு போதும் என்றால் கிட் கிராஃப் கூடத் தேவையில்லை. எக்ஸ்புளோரரின் அடியில் உள்ள டைம்லைனைத் திறந்து, பழைய பதிவில் வலது கிளிக் செய்து 'செலக்ட் ஃபார் கம்பேர்', பிறகு புதியதில் 'கம்பேர் வித் செலக்டட்' கொடுங்கள்.

ஃபைல்கள் நிறைய இருந்தால் எதைப் பார்த்தோம், எதை விட்டோம் என்பது மறந்துபோகும். கிட் கிராஃபின் ஒப்பீட்டுப் பட்டியலில் கோட் ரிவ்யூ தொடங்கும் பட்டன் ஒன்று உண்டு. அழுத்தியதும் பார்க்க வேண்டிய ஃபைல் பெயர்கள் தடித்த எழுத்துக்கு மாறும், ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்கச் சாதாரண எழுத்துக்குத் திரும்பும். விஎஸ் கோடை மூடிவிட்டு மறுநாள் வந்தாலும் விட்ட இடம் அப்படியே இருக்கும். கமிட் செய்யாத மாற்றங்களுக்கு மட்டும் இந்த வசதி கிடையாது, அதனால் பெரிய மாற்றம் என்றால் முதலில் உங்கள் பிராஞ்சில் கமிட் செய்துவிட்டு ரிவ்யூவைத் தொடங்குங்கள்.