முதல் மழைக்கே விதையைத் தீர்த்துவிடாதீர்கள்: மானாவாரிப் பெண் விவசாயிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை தள்ளிப்போவது மானாவாரி விவசாயத்துக்குப் புதிதல்ல. முதல் மழை பெய்துவிட்டு அடுத்தது வாரக்கணக்கில் வராமல் போவதுதான் இப்போது அடிக்கடி கழுத்தை அறுக்கிறது. இருந்த விதையெல்லாம் மண்ணுக்குப் போயிருந்தால், முளைத்தது காய்ந்தபின் மறுவிதைப்புக்கு ஒரு பிடிகூட மிஞ்சாது.

மேல்மண் நனைந்ததைப் பார்த்தே விதைத்துவிடுகிறார்கள். 10 மி.மீ. மழை விதையை முளைக்க வைத்துவிடும். வேர் இறங்க ஈரம் இருக்காது. ஓரிரு நாளுக்குள் 20 முதல் 25 மி.மீ. வரையாவது பெய்திருக்க வேண்டும். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பாவை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, தேங்கிய நீரை அளவுகோலால் அளந்தால் கணக்கு வந்துவிடும். டப்பா வைக்கவில்லையென்றால் ஒரு சாண் ஆழம் தோண்டி, அடிமண்ணைப் பிடித்துப் பாருங்கள். உதிராமல் உருண்டையாக நின்றால் விதைக்கலாம். மணல்மண் எப்படியும் உதிரும், அங்கே ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

அப்போதும் முழுவதையும் போட வேண்டாம். ஒரு பங்கை உடனே விதைத்து, இன்னொரு பங்கை 10, 15 நாள் தள்ளி விதையுங்கள். எல்லாம் ஒரே நாளில் விதைத்தால் எல்லாம் ஒரே வாரத்தில் பூக்கும். நெல் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணி பதராகிவிடும். மூன்றாவதாக, 60, 70 நாளில் முடியும் பச்சைப்பயறு போன்ற ஒன்றைக் கையிருப்பில் வையுங்கள். மழைக்காலம் பாதி போனபின் ஆறு மாதம் நிற்கும் துவரையைப் போட்டால், காய் பிடிக்கும்போது மண்ணில் ஈரம் இருக்காது.

பல வீடுகளில் விதையைப் பாதுகாப்பவர் பெண். விதைக்கும் நாளைக் குறிப்பவர் ஆண். வானிலைக் குறுஞ்செய்தியும் பெரும்பாலும் நிலம் யார் பெயரிலோ அவருடைய போனுக்கே போகிறது. கையில் எவ்வளவு விதை, அதில் எவ்வளவு முளைக்கும் என்று தெரிந்தவரிடமே கேட்காமல் நாள் குறித்தால் வேறென்ன ஆகும்? அந்தக் குறுஞ்செய்திக்கு உங்கள் போன் எண்ணையும் பதிவு செய்யுங்கள். ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, கிராமங்களில் பெண்கள் தலைமையிலுள்ள குடும்பங்கள், ஆண்கள் தலைமையிலுள்ள குடும்பங்களைவிடத் தங்கள் வருமானத்தில் 8 சதவீதம் கூடுதலாகக் கடும் வெப்பத்தால் இழக்கின்றன.

அறுவடைக் குவியலிலிருந்து விதைக்கு அள்ளுவதும் தவறு. வறட்சியில் தாக்குப்பிடித்த செடி எது என்று குவியலில் தெரியாது. பயிர் நிற்கும்போதே அந்தச் செடிகளில் துணித்துண்டு கட்டி வையுங்கள். வரப்போர வரிசைகளை விட்டுவிடுங்கள். போட்டியில்லாமல் வெளிச்சமும் சத்தும் கிடைப்பதால் அவை கொழுத்து நின்று ஏமாற்றும். கம்பு, மக்காச்சோளம் அயல் மகரந்தத்தால் சூல் கொள்பவை. நாலைந்து கதிரை மட்டும் வைத்து விதையெடுத்தால் சில பருவங்களில் வீரியம் குன்றிவிடும். குறைந்தது 50 செடிகளிலிருந்து, வயலின் நடுவில் எடுங்கள்.

அடுத்து உலர்த்துவது. உச்சி வெயிலில் சுடும் சிமென்ட் தரையில் பரப்பினால் உள்ளே கரு செத்துப்போகும், வெளியே மணி பளபளவென்றுதான் இருக்கும். தார்ப்பாயில், காலையிலும் பிற்பகல் சாய்ந்தபின்னும் மட்டும் காயவையுங்கள். காய்ந்ததா என்று பார்க்க உப்பு போதும். ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் கால்பங்கு காய்ந்த தூள் உப்பு, அதன்மேல் கால்பங்கு விதை போட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் விதையில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் தானியத்தை 12, பயறு வகைகளை 9 சதவீதம் வரை இறக்குவது நல்லது. இன்னும் ஓரிரு நாள் காயட்டும். வெயில் சூடு ஆறாமல் மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஈர விதையைக் காற்றுப் புகாமல் அடைப்பது, திறந்து வைப்பதைவிட மோசம்.

பயறு வண்டு களஞ்சியத்தில் திடீரென்று முளைப்பதில்லை, வயலில் காயின்மேல் இட்ட முட்டையோடு வீட்டுக்கே வருகிறது. அதனால் ஓட்டை விழுந்தபின் மருந்து தேடுவது வீண். உளுந்தோ தட்டைப்பயறோ, ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. சமையல் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மணியிலும் படும்படி புரட்டி, கலம் நிறைய நிரப்பி இறுக மூடுங்கள்.

முளைப்புச் சோதனையை மழை மேகம் கூடியபின் செய்யாதீர்கள், ஒரு மாதம் முன்பே செய்யுங்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்காமல், கைக்கு வந்தபடி எடுத்த 100 விதையை ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் ஏழு நாள் வைத்து எண்ணுங்கள். 80-க்கு மேல் என்றால் வழக்கமான அளவு. 50 முதல் 80 வரை என்றால் முளைக்காததற்கு ஈடாகக் கூடுதலாக விதையுங்கள். 50-க்குக் கீழே போனால் அதை விதைக்காதீர்கள். வேறு விதை தேட அந்த ஒரு மாதம் இருக்கிறது.