வீட்டு பிளானில் அளவு போடுவது: எந்த முகத்திலிருந்து எந்த முகம் வரை?

கம்ப்யூட்டரில் போட்ட அளவுக்கோடு பொய் சொல்வதில்லை. கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடித்தோம் என்பதில்தான் பிசகு வருகிறது. கொத்தனார் செங்கல்லுக்குச் செங்கல் எடுப்பார். தச்சர் நிலையின் வெளிப்பக்கத்தை எடுப்பார். வீட்டுக்காரருக்கு வேண்டியது பூச்சு முடிந்து நிற்கும் உள்கூடு. மூன்றையும் ஒரே தாளில் கலந்துவிட்டால் மூன்று பேருமே சரியாக அளந்து வேலையைத் தப்பாக முடிப்பார்கள்.

முதலில் அலகைச் சரி செய்யுங்கள். 10 அடி 6 அங்குலம் என்பது தசமத்தில் 10.5 அடி. 10.6 என்று அடித்தால் சாஃப்ட்வேர் அதை 10 அடி 7.2 அங்குலமாக எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. ஸ்கெட்ச்அப் என்ற 3டி வரைகலை சாஃப்ட்வேரில் 10'6" என்று அடி, அங்குலக் குறியோடே அடிக்கலாம், அதுதான் பாதுகாப்பு. அதன் யூனிட்ஸ் (அலகு) பக்கத்தில் துல்லியத்தை எட்டில் ஒரு அங்குலத்துக்கு வையுங்கள். நம் ஆசாரிகளின் ஒரு நூல் அதுதான், அதற்குக் கீழே போய் வீட்டு வேலையில் பயனில்லை. அளவுக்கு முன்னால் ~ குறி வந்தால், உண்மையான நீளம் வேறு, காட்டுவது முழுமையாக்கிய எண் என்று பொருள். அதே பக்கத்தில் உள்ள 'லென்த் ஸ்னாப்பிங்' (நீளத்தைத் தானாகவே முழு எண்ணில் நிறுத்துவது) டிக்கையும் எடுத்துவிடுங்கள். கோடு நாம் கேட்காத அளவில் போய் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் அதனால்தான்.

அடுத்தது சுவர். வீட்டு பிளான் வரையும் ஸ்வீட் ஹோம் 3டி சாஃப்ட்வேர் சுவரை நடுக்கோட்டில் வரைகிறது. 9 அங்குலச் சுவர் வைத்து 11 அடி என்று இழுத்தால் உள்ளே கிடைப்பது 10 அடி 3 அங்குலம்தான். மனையடி பார்ப்பவர்களுக்கு உள்கூடு 11 அடி இருந்தே ஆக வேண்டும். உள்பூச்சு பக்கத்துக்கு 12 மி.மீ. என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு அங்குலம் போகும். ஆகவே செங்கல்லுக்குச் செங்கல் 11 அடி 1 அங்குலம், நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 11 அடி 10 அங்குலம். சுவர் இழுக்கும்போது என்டர் தட்டினால் நீளமும் தடிமனும் அடிக்கக் கட்டம் வரும்; மவுஸை நம்பாமல் அங்கே எண்ணைக் கொடுங்கள். தரையில் சுவர்க்கோடு குறிக்கும் மார்க்கிங் பிளானுக்குச் சுவர் 9 அங்குலம், பீரோ கட்டில் போட்டுப் பார்க்கும் பிளானுக்குப் பூச்சோடு 10 அங்குலம் என்று இரண்டு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. நடுக்கோடு இரண்டிலும் மாறாது.

பழைய வரைபடத்தின் போட்டோவை அடியில் போட்டு அதன் மேல் வரைபவர்கள் அதிகம். துபாயில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமாகக்கூட இருக்கும். அந்தப் படத்துக்கு ஸ்கேல் கொடுக்க, நீளம் தெரிந்த ஒரு கோட்டைக் காட்டச் சொல்லும் சாஃப்ட்வேர். பலர் கதவைக் காட்டுகிறார்கள். 3 அடிக் கதவில் அரை அங்குலம் பிசகினால் 40 அடி மனையில் அது ஆறரை அங்குலத்துக்கு மேல் வளரும். மனையின் நீளப் பக்கத்தையே காட்டுங்கள். அதில் அரை அங்குலம் பிசகினாலும் கதவில் அது தெரியவே தெரியாது. சாய்த்து எடுத்த போட்டோ என்றால் ஒரு பக்கத்துக்குச் சரியாக இருக்கும் ஸ்கேல் மறுபக்கத்துக்குப் பொருந்தாது. அதை வைத்து வரையவே வேண்டாம்.

கீழக்கரை, பாம்பன் பக்கம் கடற்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீட்டைப் புதுப்பிப்பதானால் நேராக அளக்கும் இடத்திலேயே கவனம் வேண்டும். சுவரின் தடிமன் மேலுக்கும் கீழுக்கும் ஒன்றாக இருக்காது. தரையோரம், இடுப்பு உயரம், கூரையடி என்று மூன்று இடத்தில் எடுங்கள். அலமாரி பொருத்த மூன்றில் சிறியதுதான் கணக்கு. மூலைவிட்டம் இரண்டையும் கட்டாயம் எடுங்கள்: 12-க்கு 10 அடி அறையின் மூலைகள் செங்கோணமாக இருந்தால் இரண்டுமே 15 அடி ஏழரை அங்குலம் வரும். ஒன்று 15 அடி 9, மற்றது 15 அடி 6 என்றால் அறை கோணல், அதைச் செவ்வகமாக வரையக் கூடாது. ஒரு சுவரை இழுத்து, அதன் ஒரு முனையில் அடுத்த சுவரின் நீளத்துக்கும் மறு முனையில் மூலைவிட்ட நீளத்துக்கும் வட்டம் போடுங்கள். வட்டங்கள் வெட்டும் இடமே மூன்றாவது மூலை. லேசர் மீட்டரில் அளந்தால், அது முன்பக்கத்திலிருந்து அளக்கிறதா பின்பக்கத்திலிருந்தா என்று திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். டேப்பின் நுனிக் கொக்கி கொஞ்சம் ஆடுவது பழுதல்ல, கொக்கியின் தடிமனை ஈடுகட்டத்தான். ஆணி அடித்து இறுக்கிவிடாதீர்கள். உப்புக் காற்றில் துருவேறி எண் அழிந்த டேப்பைத் தூக்கிப் போடுங்கள்.

கடலோரத்துக்கே உரிய இன்னொன்று பில்லர். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ன்படி கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், வேண்டும். 230 மி.மீ. (9 அங்குல) அகலப் பில்லரில் இரண்டு பக்கக் கவர் போகக் கம்பிக்கு 140 மி.மீ.தான் மிஞ்சும். இன்ஜினியர் 12 அங்குலமாக்கச் சொன்னால், 9 அங்குலச் சுவரைத் தாண்டி 3 அங்குலம் மூலையில் துருத்தும். அளவுக்கோட்டைச் சுவருக்குச் சுவர் மட்டும் போட்டால் அந்த மூன்று அங்குலம் பிளானில் தெரியாது. பீரோ வந்து இறங்கும்போதுதான் தெரியும். பில்லர் முகத்துக்கு முகம் தனிக்கோடு போடுங்கள்.

ஆட்டோகேட் சாஃப்ட்வேரில் அளவுக்கோடு போட, சாய்ந்த சுவருக்கு 'அலைன்டு', நேர்ச் சுவருக்கு 'லீனியர்' கட்டளை. நேர்ச் சுவரில் அலைன்டு போட்டு முனை அரை அங்குலம் விலகியிருந்தால், சாய்ந்த நீளத்தை எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். எண்டுபாயிண்ட் ஸ்னாப் (கோட்டின் முனையைப் பிடிக்கும் குறி) விழுந்த பிறகே கிளிக் செய்யுங்கள். அளவைச் சுவரோடு கட்டும் டிம்அசோக் (DIMASSOC) அமைப்பின் மதிப்பு 2 ஆக இருந்தால் சுவரை நகர்த்தும்போது அளவும் கூடவே மாறும். ஸ்வீட் ஹோம் 3டியில் அளவுக்கோடு சுவரோடு கட்டுப்பட்டதல்ல, சுவரை நகர்த்தினால் அழித்துத் திரும்பப் போட வேண்டும். எந்த சாஃப்ட்வேரிலும் அளவின் எண்ணைக் கையால் திருத்தாதீர்கள். திருத்திய எண் அப்படியே உறைந்துவிடும், அதற்கடியில் சுவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

கதவுக்கு எந்த அளவு என்று எழுதியே ஆக வேண்டும். நிலையின் வெளி அகலம் 3 அடி 6 அங்குலம், கட்டை 3 அங்குலம் என்றால் நடுவில் ஆள் போகும் வழி 3 அடிதான். ஃபிரிட்ஜ் நுழைவது அதில்தான்.

கடைசியாகக் கூட்டிப் பாருங்கள். 11 அடி, 12 அடி 6, 10 அடி என்று மூன்று அறை வரிசையாக. வெளிச்சுவர் இரண்டும் 9 அங்குலம், உள்சுவர் இரண்டும் நாலரை. அறைகள் 33 அடி 6, சுவர்கள் 2 அடி 3, மொத்தம் 35 அடி 9 அங்குலம். வெளிமுகத்துக்கு வெளிமுகம் தனியாகப் போட்ட கோடும் இதையே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எங்கோ ஒரு கோடு நடுக்கோட்டைப் பிடித்திருக்கிறது. வித்தியாசம் நாலரை அங்குலமா, இரண்டேகாலா என்று பார்த்தாலே எந்தச் சுவர் என்று ஊகித்துவிடலாம்.

பிரிண்ட் எடுக்கும் கடையில் 'ஃபிட் டு பேஜ்' டிக்கை எடுக்கச் சொல்லுங்கள். 1:100 தாளின் ஓரத்தில் 5 மீட்டர் கோடு ஒன்று போட்டு வைத்தால், அது தாளில் சரியாக 5 செ.மீ. இருக்கிறதா என்று கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம்.