பணிவைப் பழகுவது எப்படி? புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு

நீடாமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பணிவு என்றால் மெதுவாகப் பேசுவது, பிள்ளைகளைத் திட்டாமல் இருப்பது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அது அவரவர் சுபாவம். நான் சொல்வது ஒரு பழக்கத்தை. பாடம் நடத்துகிறவர் யாரிடமாவது பாடம் கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். இது தானாக வராது, பழகித்தான் ஆக வேண்டும்.

பாடத்தைத் தொடங்கும் முன் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். பரப்பளவையே எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் சதுர மீட்டர், ஹெக்டேர். எங்கள் பிள்ளைகள் வீட்டில் குழி, மா, வேலி. "ஒரு குழின்னா எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு சாக்பீஸை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் வந்து பலகையில் சதுரம் போட்டு, பக்கத்துக்கு 12 அடி என்று எழுதினாள். "தாத்தா கோல் வச்சு அளப்பாங்க டீச்சர்." ஆக, ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்று மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார்கள். மூன்று மா ஒரு ஏக்கர் என்பது ஊர்க்கணக்கு. பெருக்கிப் பார்த்தால் 43,200 வருகிறது. ஏக்கருக்கோ 43,560. இரண்டரைக் குழி உதைக்கிறது! அது எங்கே போச்சு என்று மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. அவ்வளவு நேரமும் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். பலகையில் நம் எழுத்து எவ்வளவு பொடியாகத் தெரிகிறது என்பதும் அங்கிருந்துதான் புரியும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள். கேட்ட பிள்ளையின் பெயரோடு நோட்டில் குறித்துவைத்து, மறுநாள் முதல் வேலையாக அதற்குப் பதில் சொல்லுங்கள். மழுப்பினால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம், பணிவு என்று வகுப்பைச் சந்தைக்கடை ஆக்கிவிடக் கூடாது. வாய்ப்பாடு ஒப்பிக்காமல் என் வகுப்பில் யாரும் தப்ப முடியாது.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது உ.வே.சாமிநாதையரை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, கலம்பகம், புராணம் என்று எத்தனையோ பாடம் கேட்டவர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அந்த வருஷமே, முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. சரி என்று படிக்க உட்கார்ந்தார். சமண சமயச் செய்திகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. கல்லூரி வாத்தியார் ஒருவர் சந்தேகம் கேட்க இன்னொருவர் வாசலுக்குப் போனார் பாருங்கள், அந்த நடைதான் நமக்கும் வேண்டும்.

அதனால், உங்களுக்குக் கொஞ்சமும் கைவராத ஒன்றை யாரிடமாவது கற்றுக்கொள்ளுங்கள். நான் தையல் கற்கிறேன். சொல்லிக்கொடுப்பது என்னிடம் படித்த பெண், இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கிறாள். ஜாக்கெட் கைக்குழி எனக்குச் சுருங்கிச் சுருங்கிப் போகும். அவள் ஒன்றும் சொல்லாமல் தையலைப் பிரித்து, துணியை நீவிக் கொடுத்து, "இப்ப போடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். பக்கத்தில் நின்று பார்த்தால் கை நடுங்கும் என்பது அவளுக்குத் தெரியும். கணக்கு போடும் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நாம் நிற்கக் கூடாது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில்லை.

பருவம் முடியும்போது ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, டீச்சர் எதை மாற்ற வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். சுருக்கென்று தைக்கிற மாதிரி ஏதாவது இருந்தால் கையெழுத்தை வைத்து ஆளைத் தேடாதீர்கள். ஒன்றே ஒன்றை எடுத்து, அடுத்த திங்கட்கிழமையே மாற்றுங்கள். "நீங்க எழுதினதாலதான் மாத்தினேன்" என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.