கராஜ் கூரைக்குள் ஒரு பரண்

மட்டக்களப்புக் கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் வீடு. மாரியில் வெள்ளம் கராஜுக்குள் வந்தால் சாமான்களை ஏற்றிவைக்கப் பரணை விட நல்ல இடம் இல்லை.

முதலில் ஏணி வைத்து மேலே பாருங்கள். இரண்டு பக்கச் சுவரையும் இழுத்துப் பிடித்திருக்கும் குறுக்கு மரங்கள் கூரைக்காகப் போட்டவை, பாரம் ஏற்ற அல்ல. இடைஞ்சல் என்று அவற்றை ஒருபோதும் வெட்டாதீர்கள். கூரை சுவரை வெளியே தள்ளத் தொடங்கிவிடும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊர் இது. கூரையில் கைவைக்கப் பயம் இருக்கத்தான் வேண்டும்.

பத்தடி அகலக் கராஜ் என்றால், சுவருக்குச் சுவர் இரண்டுக்கு ஆறு அங்குலத் தீராந்திகளை (பாரம் தாங்கும் மரங்களை) 16 அங்குல இடைவெளியில் புதிதாகப் போடுங்கள். மேலே முக்கால் அங்குலப் பிளைவூட். நாகம் பூசிய ஸ்குரூ ஆணிதான் வேண்டும். உப்புக்காற்றில் சாதாரண ஆணி துருவேறி, மரத்தில் கறுப்பு வளையம் விழும். அப்புறம் ஆணித்தலை கையோடு வந்துவிடும். சுவரில் படும் மர நுனிகளுக்குக் கறையான் மருந்து பூசுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் துளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

ஓரங்களில் காற்றோட இடம் விடுங்கள். சித்திரை வெயிலில் மேலே அனல் அடிக்கும். பெயின்ட், பெற்றோல், காஸ் சிலிண்டர், மருந்து எதையும் ஏற்றாதீர்கள். நெல்மூட்டையும் வேண்டாம். மற்றவற்றை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்கி, பாரமானதைச் சுவரோரம் வையுங்கள்.