குவார்ட்டெட்டில் சினிமா கட்: மூன்றுக்கு இரண்டு கணக்கு

வேலூர்க் கோட்டை அகழியோரச் சாயங்காலமும் காட்பாடி ஜங்ஷனில் ரயில் நுழைவதும் சினிமா கட் மாதிரி சட்டென்று மாறி மாறி வரும்படி ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) எழுதினேன். அகழிக்கு டெம்போ, அதாவது நிமிடத்துக்கு இத்தனை பீட் என்ற வேகம், 72; ரயிலுக்கு 108. ஒத்திகையில் ஒவ்வொரு மாற்றத்திலும் நாலு பேரும் சிதறினார்கள். இடையில் அரை பார் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) மௌனம் வைத்தேன். உருப்படியே முடிந்துபோன மாதிரி இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டினால் கட் போய் டிசால்வ் (ஒரு காட்சி மெல்லக் கரைந்து அடுத்தது வருவது) ஆகிவிட்டது.

ஐந்தாம் நாள் கைகொடுத்தது சினிமா எடிட்டர்களின் ஜே-கட்: காட்சிக்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். மாற்றத்துக்கு 2 பார் முன்னால் வயோலா மட்டும், இரண்டு பீட்டுக்கு மூன்று சுரமாக, மெல்லிசாக ரயிலைத் தொடங்குகிறது. 72-ல் அந்த மூன்றின் நடைதான் 108. மற்றவர்கள் வயோலாவைப் பிடித்துக்கொண்டால் போதும். அப்பாடா!

ஒன்று கவனிக்க வேண்டும்: அகழிப் பகுதி மியூட்டில் (சத்தத்தை மங்கலாக்க வாத்தியத்தின் பிரிட்ஜில் மாட்டும் சின்னக் கருவி) இருக்கிறது. அதைக் கழற்ற வயலின்களுக்கு அந்த 2 பார் ஓய்வு (நாலு பீட் பாரில் ஏழு விநாடிக்குச் சற்றுக் குறைவு) கட்டாயம். வயோலாவுக்கு மியூட்டே போடாதீர்கள்.