விரலால் தள்ளினால் பின்னே, முன்னே: மொபைல் தளத்தில் ஸ்வைப் அமைக்கும் முறை

தைப்பூசக் காவடி விரதம் தொடங்குமுன் எங்கள் பஜனைக் குழுவுக்காகப் பாடல் தளம் ஒன்று செய்தேன். பட்டியலில் தொட்டால் பாட்டு திறக்கும். விரலை வலப்பக்கம் தள்ளினால் சற்றுமுன் பாடிய பாட்டுக்குத் திரும்பலாம், இடப்பக்கம் தள்ளினால் மறுபடி முன்னே வரலாம். வீட்டில் நன்றாகத்தான் ஓடியது. முதல் நாள் மாலை, பாட்டின் நடுவே அத்தை விரலைத் தள்ளினார். முருகன் போய் கூகுள் தேடல் பக்கம் வந்து நின்றது.

ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை இணைப்பது, பாடல் பெட்டி அமைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

திரையின் ஓரங்கள் நமக்குச் சொந்தமல்ல. ஐஃபோன் சஃபாரியில் 2013 முதலே இடது ஓரத்திலிருந்து இழுத்தால் முந்தைய பக்கம் வரும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10இன் சைகை முறையிலோ இரண்டு ஓரமும் ‘பின்னே’தான். வலது ஓரத்தில் ‘முன்னே’ வைத்தால் ஆள் பின்னால் போய்விடுவார். ஆகவே இருபுறமும் 30 பிக்சலுக்குள் தொடங்கும் தொடுதலைக் கண்டுகொள்ளாதீர்கள்.

அடுத்தது என் இரண்டு மாலைகளை விழுங்கிய இடம். பாயிண்டர்டவுன் (விரல் படுவது), பாயிண்டர்மூவ் (நகர்வது), பாயிண்டர்அப் (எடுப்பது) என்ற மூன்று நிகழ்வுகளையும் கவனிக்கும்படி எழுதியிருந்தேன். கணினியில் சுட்டியால் இழுத்தால் சரியாக இருந்தது. ஃபோனிலோ இரண்டு மூன்று அசைவு வரும், பிறகு சத்தமே இல்லை. பாயிண்டர்அப் வராததால் பக்கம் பாதி வழியில் தொங்கியது. விரல் பக்கத்தை உருட்டுகிறது என்று நினைத்து உலாவி அதைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. நமக்கு பாயிண்டர்கேன்சல் என்ற ரத்து அறிவிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மருந்து, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரே வரி. பாடல் பெட்டிக்கு, எந்த விரலசைவை உலாவி கையாளலாம் என்று சொல்லும் டச்-ஆக்‌ஷன் மதிப்பாக பேன்-ஒய் (மேலும் கீழும் உருட்டல்), பிஞ்ச்-ஜூம் (இரு விரலால் பெரிதாக்கல்) இரண்டையும் கொடுங்கள். மேலும் கீழும் உருட்டுவது உலாவியின் வேலை, பக்கவாட்டு நமது. அவசரத்தில் ‘நன்’ (உலாவிக்கு எதுவும் இல்லை) என்று போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன், நீளமான திருப்புகழ் உருளாமல் நின்றது. பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார்கள் என்பதால் பிஞ்ச்-ஜூமும் வேண்டும். அப்போதும் உருட்டும்போது பாயிண்டர்கேன்சல் வரும். வந்தால் பக்கத்தைப் பழைய இடத்தில் வைத்துவிடுங்கள்.

முதல் 10 பிக்சல் வரை எதுவும் செய்ய வேண்டாம். அதன்பின் கிடைநகர்வு செங்குத்து நகர்வைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் ஸ்வைப் என்று கொள்ளுங்கள். முதலில் இரண்டு மடங்கு வைத்திருந்தேன். மொரீஷியஸில் காத்ர் போர்னிலிருந்து ரோஸ் ஹில்லுக்கு மெட்ரோவில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடி சோதித்தபோதுதான் புரிந்தது: கட்டைவிரல் நேர்க்கோட்டில் போவதில்லை, வில்லாக வளைகிறது. கணினியில் உள்ள போலி மொபைல் திரை இதையெல்லாம் காட்டாது. பழைய ஆண்ட்ராய்டு ஒன்றை யூஎஸ்பி கம்பியால் க்ரோமுடன் இணைத்துப் பாருங்கள். இதற்கென்று ஆயத்த நிரல் நூலகம் எதுவும் தேவையில்லை. அறுபது வரியில் முடிகிற வேலை.

இனி அத்தையின் சிக்கல். அவர் தேடலிலிருந்து நேராக முதல் பாட்டுக்கு வந்திருந்தார்; என் நிரல் யோசிக்காமல் ஹிஸ்டரி.பேக் (உலாவி வரலாற்றில் ஒரு படி பின்னே போ) என்றது. ஒவ்வொரு பாட்டையும் புஷ்ஸ்டேட் கட்டளையால் அந்த வரலாற்றில் சேர்க்கும்போது 0, 1, 2 என எண்ணும் சேர்த்து வையுங்கள். எண் 0 என்றால் பின்னே போகக் கூடாது. பக்கம் சற்றே அசைந்து திரும்பினால் போதும். முன்னே ஏதாவது இருக்கிறதா என்பதை ஹிஸ்டரி சொல்லாது. மிகப் பெரிய எண்ணை, தாவல் திறந்திருக்கும்வரை நினைவில் வைக்கும் செஷன்ஸ்டோரேஜில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலிலிருந்து புதுப் பாட்டு திறந்தால் அதன் எண்தான் இனி மிகப் பெரியது. கீழே இரண்டு அம்புக்குறிப் பொத்தான்களும் இருக்கட்டும். அத்தை இப்போது அவற்றைத்தான் அழுத்துகிறார்.

பின்சேர்க்கை: ரியூனியன் தீவிலிருந்து ஒரு வாசகர், ஐஃபோனில் ஓரத்திலிருந்து இழுத்தால் பக்கம் இரண்டு முறை சறுக்குவதாக எழுதியிருந்தார். சஃபாரி தானே ஒரு முறை நகர்த்திக் காட்டுகிறது, பிறகு பின்னே, முன்னே போனதும் வரும் பாப்ஸ்டேட் நிகழ்வில் என் அசைவும் ஓடுகிறது. அசைவை நம் ஸ்வைப் பகுதியில் மட்டும் வையுங்கள். பாப்ஸ்டேட்டில் பாட்டை மாற்றுவதோடு சரி.