கணினிப் பாடத் தேர்வின் சிந்தனை நிலையை அளப்பது எப்படி?

பாதிப் பேர் தவறவிட்டார்கள் என்பதற்காக ஒரு கேள்வி ஆழமானதாகிவிடாது. அதிகம் புழங்காத ஒரு கட்டளையின் பெயரைக் கேட்டாலும் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். அது வெறும் ஞாபகச் சோதனை. இங்கே நாம் அளப்பது, விடை எழுத எந்த வகை யோசனை தேவைப்படுகிறது என்பதை.

படி 1: கேள்வித்தாளை உட்பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மதிப்பெண்ணோடு எக்செல்லில் தனி வரியாக இடுங்கள்.

படி 2: அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள். கற்றலுக்குத் தேவைப்படும் சிந்தனையைக் கீழிருந்து மேலாக அடுக்கும் புளூம் வகைப்பாடு 1956இல் வந்தது; அதன் 2001ஆம் ஆண்டுத் திருத்தமே தொடங்குவதற்குப் போதும். அதில் ஆறு நிலைகள்: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல்.

படி 3: ஒவ்வொரு வரிக்கும் நிலை குறியுங்கள். பலரும் வழுக்குவது இங்கேதான். ‘பைனரி தேடலுக்கு நிரல் எழுதுக’ என்று பார்த்ததும் ‘எழுதுக’ என்ற சொல்லை நம்பிப் ‘படைத்தல்’ என்று போட்டுவிடுவார்கள். அதே நிரலை வகுப்பில் எழுதிக் காட்டியிருந்தால்? மாணவர் மனப்பாடத்தை ஒப்பித்தாலே முழு மதிப்பெண். வினைச்சொல்லை வைத்து நிலை போடும் பட்டியல்களை நான் நம்புவதில்லை. பாடக்குறிப்பு, ஆய்வகப் பயிற்சித்தாள், பழைய கேள்வித்தாள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதில் மாணவருக்குப் புதிதாக என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

‘இந்த நிரல் என்ன செய்கிறது?’ போன்ற கேள்விகளுக்கு விடைத்தாளையும் பார்க்க வேண்டும். விடையில் தெரியும் புரிதல் எவ்வளவு இணைந்திருக்கிறது என்று நிலை பிரிக்கும் சோலோ வகைப்பாடு அதற்குப் பொருந்தும்; பிக்ஸ், காலிஸ் இருவரும் 1982இல் தந்தது அது. “முதல் எண்ணை எடுக்கிறது, லூப் ஓடுகிறது, பெரிதாக இருந்தால் மாற்றுகிறது” என்று வரிவரியாகச் சொல்பவர் ஒரு நிலை. “பட்டியலில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கிறது” என்பவர் அதற்கு மேல்நிலை. துண்டுகளை இணைத்துப் பார்த்துவிட்டார்.

படி 4: அப்புறம், பாடம் தெரிந்த இன்னொருவர் உங்கள் குறிப்பைப் பார்க்காமல் நிலை குறிக்கட்டும். இருவர் குறிப்பும் தற்செயலைத் தாண்டி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோஹன் கப்பா என்ற அளவைக் கணக்கிடுங்கள்: உண்மையான ஒப்புதலிலிருந்து தற்செயல் ஒப்புதலைக் கழித்து, ஒன்றிலிருந்து தற்செயலைக் கழித்த தொகையால் வகுக்க வேண்டும். ஒப்புதல் 0.8, தற்செயல் 0.5 என்றால் கப்பா 0.6. முரண்பட்ட வரிகளைப் பேசித் தீருங்கள்.

படி 5: நிலைவாரியாக மதிப்பெண்ணைக் கூட்டுங்கள், கேள்விகளின் எண்ணிக்கையை அல்ல. பக்கத்திலேயே சரியாக விடையளித்தோர் விகிதத்தையும் போடுங்கள். நிலை தாழ்வு, விகிதமும் குறைவு என்று வரும் கேள்விகளை மறுபடி வாசியுங்கள்: நீண்ட கதை, குழப்பமான வாக்கியம், சொல்லித்தராத குறியீடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் சிக்கும்.